பெரியம்மாவின் சீஆர் கொப்பி

“மாசி 11. தம்பி எடுத்தவன். 6 நிமிசம். இருமல். மல்லித்தண்ணி குடிக்கச் சொன்னனான். பிள்ளையாருக்கு அருச்சனை.”

என் பெரியம்மா 2004இல் எழுதி வைத்த வரி இது. நீட்டுச் சீஆர் கொப்பி. முன்பக்கம் இருந்து புரட்டினால் பால் கணக்கு, பின்பக்கம் இருந்து புரட்டினால் ரெலிபோன் கணக்கு. மகன் எடுத்த ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி. எத்தனை நிமிசம் பேசினான், குரல் எப்படி இருந்தது, தான் என்ன புத்தி சொன்னார், எந்தக் கோயிலில் அருச்சனை செய்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். மகன் அப்போது ஈராக்கில் அமெரிக்க ஆமியில் இருந்தார்.

அந்தக் கொப்பியில் பதினான்கு பக்கங்களை, மகனின் நிவாரணக் கோரிக்கைக்குச் சாட்சியாக வைக்க, 2023 தை மாதம் நான் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தேன். பாட்டும் கதையும் மொழிபெயர்ப்பவர்களைக் கேட்டால் அதுதான் கஷ்டம் என்பார்கள். ஒரு தாயின் ரெலிபோன் கணக்கை மொழிபெயர்த்துப் பார்க்கட்டும். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் மாசி 11 என்றால் பெப்ரவரி 11தான். இங்கிலீசு மாதத்துக்குத் தமிழ்ப் பெயரைச் சூட்டி, அதோடேயே வாழ்ந்து முடித்துவிடுவோம். ஆனால் அமெரிக்காவில் தமிழ்நாட்டுக்காரர் எவராவது சரிபார்க்க உட்கார்ந்தால் மாசி 11ஐ பெப்ரவரி 23 என்று கணக்குப் போட்டுவிடுவார். திகதி பன்னிரண்டு நாள் பிசகினால் போதும், சாட்சி பொய் என்று ஆகிவிடும். அதற்காகவே அடியில் ஒரு குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்பு அந்த வரியைவிட நீளமாக வந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பிறக்கிராசியாரின், அதாவது சட்டத்தரணியின், கந்தோரில் 31 வருடம் கிளாக்காக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வீடு தேடி வருவார்கள். காணி எல்லைச் சண்டை, நின்றுபோன பென்சன், மரணச் சான்றிதழில் பிழைத்துப்போன பெயர், இப்படி. பெட்டிசன் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் அமெரிக்கப் படையில் இருந்தவருக்காக, அமெரிக்க அரசாங்கத்துக்கு, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

அண்ணை, அதாவது பெரியம்மாவின் மகன், 1996இல் கிறீன்காட் லொத்தர் விழுந்து அமெரிக்கா போனவர். 2000இல் ஆமியில் சேர்ந்தார். பிரசாவுரிமை இல்லாவிட்டாலும் கிறீன்காட் இருந்தால் அங்கே படையில் சேரலாம். 2002 ஆடியில் ஜனாதிபதி புஷ் ஒரு கட்டளை போட்டார், சேவையில் இருப்பவர்கள் வருடக்கணக்கில் காத்திராமல் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று. அண்ணைக்கு அடுத்த வருடம் கிடைத்தது. புதுப் பாஸ்போட்டோடு 2003 ஆவணியில் ஊருக்கு வந்தார். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்திருந்த காலம். நல்லூர்த் தேரன்று விடியற்காலையில் வெளிவீதி மணலில் ஒரு முழுச் சுற்று உருண்டு பிரதட்டை செய்தார். நடுவில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் பக்கத்தில் துண்டோடு நடந்தேன். நடந்த எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அடுத்த தை மாதம் அவரை ஈராக்குக்கு அனுப்பினார்கள். பக்தாத்துக்கு வடக்கே பலாட் என்ற விமானத்தளம். லொறி திருத்துவது வேலை. அங்கே ஒரு வருடம்.

பலாட்டில் ஒரு குப்பைக் கிடங்கு இருந்தது. ஏறத்தாழ 10 ஏக்கர், எங்கள் கணக்கில் 160 பரப்பு. இருபதினாயிரத்துக்கு மேல் ஆட்கள் இருக்கும் தளத்தில் சேரும் எல்லாக் குப்பையும் அங்கேதான் வரும். பிளாஸ்ரிக் போத்தல், ரெஜிபோம், ரயர், பற்றரி, பெயின்ற், ஆஸ்பத்திரிக் கழிவு. அதற்கு மேல் விமான எரிபொருளை ஊற்றிப் பற்ற வைப்பார்கள். திறந்த வெளியில், இரவு பகலாக, சில காலங்களில் நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல். எரிகுழி என்று பெயர். புகை படுக்கும் இடத்தின் மேலாகவும் சாப்பிடும் இடத்தின் மேலாகவும் போகும். மூக்கைச் சிந்தினால் கரி. எல்லோருக்கும் ஒரு இருமல் இருந்தது, அதற்கு அவர்களே ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் இருக்கும் இருமலை யார் வருத்தமாக நினைப்பார்கள்?

பெரியம்மா நினைத்தார். “பங்குனி 3. 4 நிமிசம். குரல் அடைப்பு. தூசு எண்டு சொல்லுறான். தூசு இல்லை.” கொப்பியில் எனக்குப் பிடித்த வரி இது. “தூசு இல்லை” என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

2010இல் அண்ணை திரும்ப வந்தபோது நல்லூர் வீதியில் கடலைக்காரனுக்குப் பக்கத்தில் நிழலில் இருந்துவிட்டார். “நீ போட்டு வா” என்றார். நான் வயது என்று நினைத்தேன், அவருக்கு 38 என்பதை மறந்து. மற்ற நாள் பின்னேரம் திண்ணையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வளவில் முற்றம் கூட்டிக் குவித்த சருகைக் கொளுத்தினார்கள். எங்கள் ஊரில் சருகோடு நாலு சொப்பிங் பாக்கும் சேர்ந்து எரியாமல் எந்தக் குப்பை எரிந்திருக்கிறது? அந்த மணம் வேலியைத் தாண்டி வந்ததும் அண்ணை கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய் யன்னல்களைச் சாத்தினார். துவாயை நனைத்துக் கதவின் கீழ் இடுக்கில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உள்ளே இருந்து இருமல் சத்தம் வந்தது. அது நிற்கவேயில்லை.

“உதே மணம்தான்ரா. உதை நூறு மடங்காய் நினைச்சுப் பார்,” என்றார் இரவு. எரிகுழியைப் பற்றி அவர் என்னிடம் வாய் திறந்தது அன்றுதான்.

ஆஸ்மா என்று அமெரிக்காவில் ஒரு டொக்டர் சொல்லி, இன்ஹேலர் கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை. இந்த “ஒன்றும் இல்லை” என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மில்லர் என்ற நுரையீரல் வைத்தியர், போருக்குப் போய் வந்த பிறகு ஓட முடியாமல் போன படையினரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலர் 2003இல் மொசூலுக்கு அருகே கந்தகத் தொழிற்சாலைத் தீயின் புகைக்குள் நின்றவர்கள். படங்கள் பெரும்பாலும் சுத்தம். மற்ற டொக்டர்மார் அதோடு விட்டிருப்பார்கள். இவர் நுரையீரலில் இருந்து சிறு துண்டு வெட்டி எடுத்துப் பார்க்கச் சொன்னார். 2011இல் வெளிவந்த கட்டுரையில் கணக்கு இருக்கிறது: 80 பேரைப் பரிசோதித்து, 49 பேருக்கு வெட்டிப் பார்த்ததில், 38 பேருக்கு நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிப் போயிருந்தன. அந்த வருத்தம் எக்ஸ்றேக்கு அகப்படாது. அண்ணையை வெட்டிப் பார்ப்போமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே அவருடைய பைலில் ஆஸ்மா என்றே இருக்கிறது.

நிவாரணம் கேட்டு விண்ணப்பிக்கவும் இல்லை. “கால் இல்லாமல் வந்தவங்கள் வரிசையில நிக்கிறாங்கள், நான் இருமலோடை போய் நிக்கிறதே?” இதைக் கேட்கும்போது எங்கள் அரசாங்கக் கச்சேரி வரிசைகள் ஞாபகம் வந்தன. எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன். உரிமையுள்ளவன் வெட்கப்பட்டு வீட்டில் இருப்பான்.

சரி, விண்ணப்பித்திருந்தாலும் 2022க்கு முன்னர் என்ன கிடைத்திருக்கும்? எரிகுழி என்று சொல்லி வந்த கோரிக்கைகளில் நான்கில் மூன்றுக்கு மேல் நிராகரிக்கப்பட்ட காலம் அது. இருமுகிறாய், சரி. அந்தப் புகையால்தான் இருமுகிறாய் என்று காட்டு. அன்று என்ன எரிந்தது, எவ்வளவு எரிந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, நீ எங்கே நின்றாய்? இதற்கெல்லாம் பதிவு வைத்திருக்கக் கூடிய ஒரே ஆள் அரசாங்கம். கேட்கிறதும் அரசாங்கம்.

இந்த விளையாட்டு ஈராக்கில் தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். வியட்நாமில் 1962இல் இருந்து 1971 வரை 7 கோடி லீற்றருக்கு மேல் களைகொல்லி தெளித்தார்கள். ஏஜென்ற் ஒரேஞ்ச் அதில் பெரும்பங்கு, அதில் கலந்திருந்த நஞ்சு டையொக்சின். திரும்பி வந்தவர்களுக்குத் தோலில் கொப்புளம், புற்றுநோய். 1977இல் சிகாகோவில் முன்னாள் படைவீரர் திணைக்களத்தில் வேலை செய்த மோட் டிவிக்டர் என்ற பெண்மணி, சாகக் கிடந்த ஒருவரின் மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டுத் தானாகவே விசாரிக்கத் தொடங்கினார். ஒரு பைல் இரண்டாகி, இரண்டு இருபதாகி, பிறகு தொலைக்காட்சிக்குப் போய், ஊர் முழுக்கத் தெரிந்தது. பெரிய விஞ்ஞானி இல்லை, மேசைக்குப் பின்னால் இருந்த ஒரு கிளாக். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை வருவதை மறைக்கவில்லை.

களைகொல்லி செய்த கொம்பனிகள் 1984இல் 18 கோடி டொலர் கொடுத்து வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டன. அட்மிரல் எல்மோ ஸும்வால்ட் என்பவரின் கதையையும் சொல்ல வேண்டும். மறைந்திருந்து சுடுகிறார்கள், கரைக் காட்டை அழியுங்கள் என்று மேகொங் கழிமுகத்து ஆற்றங்கரைகளில் தெளிக்கச் சொன்னவரே அவர்தான். அந்த ஆறுகளில் படகோட்டியவர்களில் அவருடைய மகனும் ஒருவர். மகன் 1988இல் புற்றுநோயில் இறந்தார். தகப்பன் மிச்ச வாழ்நாளில் பெரும் பகுதியைப் பாதிக்கப்பட்ட படையினருக்காக வாதாடிக் கழித்தார். தெளிக்கச் சொன்னது பிழையில்லை, அதனால் பல உயிர் தப்பியது என்றும் கடைசி வரை சொன்னார். இரண்டையும் ஒரே ஆள் சொன்னார் என்பது எனக்கு இன்னும் விளங்காத காரியம்.

1991இல் ஒரு சட்டம் வந்தது. வியட்நாமில் நின்றாயா, பட்டியலில் உள்ள வருத்தம் இருக்கிறதா, போதும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சட்டம் தானே எடுத்துக்கொள்ளும். கோட்டுப் பாஷையில் ஊகம் என்போம். எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் ஊகங்கள் உண்டு. கலியாணம் நிலைத்திருக்கும் போது பிறந்த பிள்ளை புருசனின் பிள்ளை என்று சட்டம் ஊகிக்கிறது, தாயைக் கூப்பிட்டு நிரூபி என்று கேட்பதில்லை. இல்லையென்கிறவன் நிரூபிக்கட்டும். அதே மாதிரித்தான் இதுவும். அப்படியிருந்தும், கரையில் கால் வைக்காமல் கப்பலில் நின்ற மாலுமிகள் அந்த ஊகத்துக்குள் வர 2019 வரை போராட வேண்டியிருந்தது. அவர்களுக்கான சட்டம் 2020 தை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது பலர் உயிரோடு இல்லை.

எரிகுழிக்காரருக்கு அந்த ஊகம் 2022 ஆவணி 10இல் கிடைத்தது. பாக்ட் சட்டம். அதன் முழுப் பெயரில் ஹீத் ராபின்சன் என்ற சார்ஜன்ற் இருக்கிறார். ஒஹையோவைச் சேர்ந்தவர், ஈராக்கில் இருந்தவர், 2020இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அவருடைய மனைவி டானியலும் மாமியார் சூசன் ஸெய்யரும் வருடக்கணக்காக வொஷிங்ரனுக்கு அலைந்தார்கள். டெக்சாசில் லெரோய் ரொரஸ் என்பவரும், இவரும் பலாட்டில் நின்றவர்தான், மனைவி ரோசியும் ஒரு அமைப்பையே கட்டி நடத்தினார்கள். ஆடி 27இல் செனற் சபையில் சட்டமூலம் தடக்கி விழுந்தபோது பாதிக்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஆடி மாத வெயிலிலும் மழையிலும் பாராளுமன்றப் படிக்கட்டிலேயே படுத்தார்கள். ஆறு நாளில் 86க்கு 11 என்று நிறைவேறியது. ஜனாதிபதி பைடனின் மூத்த மகனும் ஈராக்கில் நின்று வந்து மூளைப் புற்றுநோயில் 2015இல் இறந்தவர். கையெழுத்துப் போட்டவருக்கும் அது வெறும் சட்டமாக இருந்திருக்காது.

அந்தப் பட்டியலில் ஆஸ்மா இருந்தது. சேவைக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஆஸ்மா.

இந்த முறை அண்ணையை விடவில்லை. நான் விடவில்லை என்று சொல்ல ஆசை, ஆனால் விடாதவர் பெரியம்மா. 2022 மார்கழியில் அண்ணை ஊருக்கு வந்தார். பட்டியலை நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் பெரியம்மா எழும்பிப் போய் றங்குப் பெட்டியைத் திறந்து கொப்பியோடு வந்தார். அப்படி ஒரு கொப்பி இருப்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது. அண்ணை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

கோரிக்கையோடு, நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலமும் வைக்கலாம். 21-10210 என்ற இலக்கப் படிவம். உறவுக்காரர், கூட நின்ற படையினர், யாரும் எழுதலாம். நான் எழுதினேன். 31 வருடப் பழக்கம் கையில் நின்றது. “மிகுந்த தாழ்மையுடனும் பணிவுடனும்” என்று தொடங்கி, தேவரீர் சமூகத்துக்கு என்பதற்கு ஈடான இங்கிலீசு எல்லாம் போட்டு, அண்ணையின் வீரத்தில் ஒரு பந்தி, அவருடைய வயோதிபத் தாயின் கண்ணீரில் ஒரு பந்தி, நுரையீரல் எப்படிப் பழுதடைந்தது என்று நானே டொக்டராகி ஒரு பந்தி. மூன்று பக்கம்.

அண்ணையின் கோரிக்கையைப் பார்த்துக்கொண்டவர் அங்கே முன்னாள் படையினர் சங்கம் ஒன்றின் பிரதிநிதி. திணைக்களத்தில் முறைப்படி பதிந்தவர், தானும் ஆமியில் இருந்த பெண்மணி, ஒரு சதம் வாங்காதவர். வீடியோவில் வந்து என் மூன்று பக்கத்தையும் மரியாதையாகப் பாராட்டினார். பிறகு, இதில் நீங்கள் கண்ணால் கண்டது எது என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாவற்றையும் கூட்டினால் எட்டு வரி. அதை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றார்.

அந்த எட்டு வரியில் ஒன்று பிரதட்டை. 2003இல் செய்தார், 2010இல் நடக்கவே முடியவில்லை. நல்ல சாட்சிதான். ஆனால் ஒரு வளர்ந்த ஆள் கோயில் வீதியில் ஏன் உருள்கிறார் என்று அமெரிக்காவில் ஒரு உத்தியோகத்தருக்கு எப்படி எழுதுவது? நேர்த்தி என்றேன். அதை விடுங்கள், எவ்வளவு தூரம் என்றார் அந்த அம்மா. தூரத்தை நான் எங்கே போய்க் கேட்பது? அடுத்த நாள் சைக்கிளின் முன்சில்லில் சோக்கால் ஒரு கோடு போட்டு, வெளிவீதியைச் சுற்றிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு எண்ணினேன். நடுவில், முன்பு கந்தோருக்கு வழக்கோடு வந்த பழைய கட்சிக்காரர் ஒருவர் மறித்துச் சுகம் விசாரித்தார், எண்ணிக்கை பிசகியது. திரும்ப முதலில் இருந்து. வாக்குமூலத்தில் “ஏறத்தாழ” என்று போட்டுத்தான் தூரத்தை எழுதினேன்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது வாசிகசாலையில் ஒரு நண்பர், இளைப்பாறிய வாத்தியார், கேட்டார்: “உலகத்தில உனக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையே? ஆமிக்காரனுக்கோ பெட்டிசன் எழுதுறாய்?”

ஆமி என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன கனம் என்று வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். அது எந்த நாட்டு ஆமியாக இருந்தாலும் அந்தச் சொல் காதில் விழும்போது வயிற்றில் ஏதோ ஒன்று இறுகும். வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். அந்தப் புகை வேலியோடு நின்றதா? பலாட்டைச் சுற்றித் தோட்டம் செய்த ஈராக்கியருக்கு யார் ஊகம் எழுதிக் கொடுத்தது? நியாயமான கேள்வி. ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. வியட்நாம் மக்கள் களைகொல்லிக் கொம்பனிகளுக்கு எதிராக அமெரிக்காவில் போட்ட வழக்கை 2005இல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். தனாங் விமானநிலையத்து மண்ணைச் சுத்தம் செய்து முடிக்க 2018 ஆனது. பிரித்தானியா கிறிஸ்மஸ் தீவிலும் ஒஸ்ரேலியாவிலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது கிட்ட நிறுத்தி வைத்த தன் சொந்தப் படையினருக்கே ஒரு பதக்கம் கொடுக்க 2022 வரை எடுத்தது.

நான் வாத்தியாருக்கு அன்று பதில் சொல்லவில்லை. பதில் என் கிணற்றில் இருந்தது.

2014 முடிகிற நேரம் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மணத்தது. வாளியில் அள்ளி வெயிலில் வைத்தால் மேலே வானவில் மாதிரி ஒரு படலம். குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் நிற்கும் மழைத்தண்ணீர்தான் எங்கள் குடிநீர், ஒரு இடத்தில் ஊற்றினது இன்னொரு இடத்தில் ஊறும். நான் என் கிணற்றுக்காக ஐந்து பெட்டிசன் எழுதினேன். ஒரு கந்தோரில் என் முன்னாலேயே கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு ஐயா கேட்டார்: “இந்த எண்ணெய் எந்தத் தாங்கியில இருந்து வந்தது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்கடை மோட்டர் எண்ணெயாயும் இருக்கலாம்தானே?” என் மோட்டர் மண்ணெண்ணெயில் ஓடுவது இல்லை, கரண்டில் ஓடுவது என்றேன். அதற்கும் அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்பார் போல இருந்தது.

அந்தக் கிணறுகளின் கதை உயர்நீதிமன்றம் வரை போனது. தெற்கில் இருந்து ஒரு சூழலியலாளர் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். 2019 சித்திரையில் தீர்ப்பு வந்தது. மின்சாரம் உற்பத்தி செய்த ஒரு தனியார் கொம்பனி 2 கோடி ரூபா கட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த ஐயா கேட்ட கேள்வி எனக்குள் அப்படியே கிடந்தது. அண்ணையின் சட்டத்தை வாசித்தபோதுதான் அதற்கு என்ன பெயர் என்று பிடிபட்டது. தண்ணீர் குடிக்கிறவனிடம் தாங்கியின் பெயர் கேட்கிறார்கள். புகை குடித்தவனிடம் காற்றின் திசை கேட்கிறார்கள். ஆமியோ ஆமி இல்லையோ, அந்தக் கேள்வியை ஒரு இடத்தில் வாயடைக்கச் செய்துவிட்டார்கள் என்றால் அதைப் பார்க்க எனக்கு ஆசை. பலாட்டுத் தோட்டக்காரனுக்கு நாளைக்கு யாராவது பெட்டிசன் எழுத உட்கார்ந்தால், அவர் எடுத்துக் காட்ட இந்தச் சட்டம் இருக்கிறது. இதை மறுநாள் வாத்தியாரிடம் சொன்னேன். “அவன் எழுதும்போது பார்ப்பம்,” என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் எங்கள் பிள்ளைகள் இப்போது படைகளில் இருக்கிறார்கள், ஆகவே பட்டு அறிந்த இரண்டொரு விஷயத்தைச் சொல்லி வைக்கிறேன். இது அமெரிக்காவுக்கு. பாக்ட் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கக் கடைசித் திகதி என்று ஒன்று இல்லை. ஆனால் தாமதித்தால் காசு நட்டம், ஏனென்றால் கணக்கு விண்ணப்பித்த நாளில் இருந்துதான் ஓடும். விண்ணப்பிக்கப் போகிறேன் என்று முதலில் ஒரு அறிவிப்புக் கொடுத்துவிட்டால் அந்தத் திகதியை ஒரு வருடத்துக்குப் பிடித்து வைக்கலாம், அதற்குள் ஆவணங்களைச் சேர்க்கலாம். முதல் கோரிக்கை போட்டுத் தருகிறேன், கிடைப்பதில் இத்தனை வீதம் தா என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள். அண்ணையிடமும் ஒருவன் வந்தான், பளபளவென்று ஒரு விளம்பரத்தோடு. அப்படிக் காசு கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அப்புறம், வாக்குமூலத்தில் வருத்தத்தின் பெயரை எழுதாதீர்கள், அது டொக்டரின் வேலை. படியேற எத்தனை தரம் நின்றார், இரவில் எத்தனை தலையணை வைத்தார், எந்த வருடத்தில் இருந்து. அவ்வளவுதான் கேட்பது. எங்கள் நீதிமன்றங்களில் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, என்பார்கள், இங்கே அது விண்ணப்பிக்கிறவருக்கு. இரு பக்கமும் சமமாக நின்றால் தராசு அவர் பக்கம் சாய வேண்டும் என்று அவர்களுடைய சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

கொப்பி பயன்பட்டதா என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால் அவசியம் இருக்கவில்லை. ஈராக்கில் நின்றதற்கு ஆமியின் விடுவிப்புப் பத்திரம், ஆஸ்மாவுக்கு டொக்டரின் பதிவு, தினமும் இன்ஹேலர் எடுப்பதற்கு மருந்துச் சீட்டு. ஊகத்துக்கு அவை காணும். 2022க்கு முன்னர் என்றால் அந்தப் பதினான்கு பக்கமும்தான் வழக்கே, பெரியம்மாவை ஒவ்வொரு வரிக்கும் குறுக்கு விசாரணை செய்திருப்பார்கள். பைலில் கடைசியில் பின்னிணைப்பாகக் கிடக்கட்டும் என்று அந்த அம்மா சொன்னார். கிடக்கிறது.

அடுத்த வருடம் முடிவு வந்தது. ஆஸ்மாவுக்கு 30 வீதம். அண்ணை ரெலிபோனில் சொன்னபோது நான் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவருக்கு இப்போது 81. முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

“முப்பது வீதம் எண்டால் என்ன?”

உடம்பு எவ்வளவு பாதித்திருக்கிறது என்று அவர்கள் போடும் அளவு, அதற்குத் தக்கதாக மாதம் மாதம் காசு வரும் என்று விளக்கினேன்.

“அப்ப மிச்ச எழுபதும்?”

அது பாதிக்காத பகுதி, பெரியம்மா.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. சுளகைத் தள்ளி வைத்துவிட்டு ரெலிபோனை வாங்கினார். ஐந்து நிமிசம் பேசினார். பிறகு கொப்பியை எடுத்துவரச் சொன்னார். கை நடுங்குவதால் இப்போதெல்லாம் அவர் சொல்ல நான்தான் எழுதுவது. திகதி போட்டேன். நிமிசம் போட்டேன்.

“காசைப் பற்றி எழுதட்டோ?” என்று கேட்டேன்.

“அதை உன்ரை பைலில எழுது. இதில, இருமல் எண்டு போடு.”